உறைக்குக் கொஞ்சம் ஈஸ்ட்

எட்வின், என் மச்சானே,

நீ இருக்கும் இடத்தில் வெயில் எப்படியோ தெரியாது. இங்கே தாம்பரத்தில் மாடித் தொட்டித் தண்ணீர் முற்பகலிலேயே கை வைக்க முடியாத சூட்டுக்கு வந்துவிடுகிறது. குழாயைத் திறக்கும்போதெல்லாம் உன் குரல்தான் கேட்கிறது. "இந்தத் தண்ணில ஈஸ்ட்ட வுட்டா அது நேரா பரலோகம்தான் மச்சான்" என்பாய். நீயே அங்கே போய்விட்ட பிறகு அதைச் சொல்லிச் சிரிக்க எனக்கு ஆளில்லை.

இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கக்கூடும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஞாயிற்றுக்கிழமைகளில் உன் வீட்டுச் சமையலறையில் நாம் காய்ச்சியது கஞ்சி. வெறும் பார்லிக் கஞ்சி. அது சில வாரம் கழித்துப் பொன்னிறமாகி, நுரை கட்டிக்கொண்டு டம்ளரில் வந்து உட்கார்ந்தால் அதற்கு நாம் பொறுப்பல்ல. மாடி வீட்டுக்காரர் மோப்பம் பிடித்துக்கொண்டு வந்தபோது நீ அப்படித்தான் சொன்னாய். அவரும், "பார்லி சுகருக்கு நல்லதாமே சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உனக்கு என்னென்ன செய்தி சொல்வது? நாம் வேலை பார்த்த கல்லூரி இன்னும் நிற்கிறது, இடியவில்லை. எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் இன்னும் என் இடத்தில்தான் அவர் காரை நிறுத்துகிறார். என் அண்ணன் போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. நீ சொல்வாயே, "ஊர்ல எல்லாரும் ஃப்ரிட்ஜ்ல மாவு வெப்பாங்க, நீ கோவத்த வெச்சிருக்க மச்சான். கெடாம அப்படியே கீது" என்று. இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

பெரிய செய்தி உன் கிரேஸைப் பற்றியது. அவள் பீர்க்கன்கரணை வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, கோயம்புத்தூரில் உன் மகளோடு இருக்கப் போகிறாள். கல்யாணமான புதிதில் அவள் என்னை அண்ணா என்று கூப்பிட்டதால்தானே நீ எனக்கு மச்சான் ஆனாய்? அந்த உரிமையில் சாமான்களைக் கட்டிக்கொடுக்கப் போயிருந்தேன். ஃப்ரிட்ஜைக் காலி செய்யும்போது அவள் அந்த ஜாம் பாட்டிலை எடுத்தாள். 'கஞ்சி. தொட்டால் கை இருக்காது' என்று உன் கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருந்தது. மேலே தெளிந்த பீர், அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு வெண்ணெய் நிறத்தில் உன் ஈஸ்ட்.

"கொட்ட மனசு வரலண்ணா. எடுத்துட்டுப் போனா மாப்பிள்ளை என்ன நினைப்பாரோ. நீங்க வெச்சுக்குங்க" என்றாள். பிறகு ஃப்ரிட்ஜ் கதவைச் சாத்திவிட்டு, "நான் கிளம்பறதுக்குள்ள இந்த வீட்ல ஒரே ஒரு தடவை காய்ச்சிடுங்களேன். அந்த வாசனை ஒருவாட்டி வந்துடுச்சுன்னா நிம்மதியா பூட்டிட்டுப் போயிடுவேன்" என்றாள்.

பீர் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் கிரேஸ் கேட்கிறாள். சரி என்று சொல்லாமல் வேறென்ன சொல்வேன்?

அந்த ஈஸ்ட் வந்த கதையை நான் மறக்கவில்லை. உன் சித்தப்பா மகன் வெளிநாட்டிலிருந்து ஒரே ஒரு பாட்டில் பீர் கொண்டுவந்தான். நீ, நான், பாஸ்கர் மூவரும் பங்கு போட்டுக் குடித்தோம். வேதியியல் ஆசிரியர் நீ ஒருவன்தான், நாங்கள் இருவரும் கணிதம். பாஸ்கர் காலி பாட்டிலைக் கழுவ எழுந்ததும் நீ பாய்ந்து பிடுங்கினாய். அடியில் ஒரு சிட்டிகை வண்டல் தங்கியிருந்தது. "வண்டலூர் தாண்டி டெய்லி வேலைக்குப் போறீங்களே, வண்டல போய் கீழ ஊத்துவீங்களாடா?" என்று திட்டினாய்.

அந்தச் சிட்டிகைக்கு நீ ஊட்டியதுபோல் தாய்கூடப் பிள்ளைக்கு ஊட்டியிருக்கமாட்டாள். முளைகட்டிய பார்லியில் செய்யும் மால்ட் பொடியைத் தண்ணீரில் காய்ச்சி ஆறவைத்து முதலில் இரண்டு ஸ்பூன். அது விழித்துக்கொண்ட பிறகு அரை டம்ளர். பிறகு ஒரு குடுவை. உடனே பெரிய பானையில் கொட்டினால் என்ன என்று நான் கேட்டேன். "பட்டினியா கெடந்து எழுந்தவனுக்கு நேரா பிரியாணி போடுவியா?" என்றாய். தூங்கும் ஈஸ்ட்டை இப்படி முதலில் சிறிய அளவில் எழுப்பித் தேற்றுவதற்கு ஸ்டார்ட்டர் என்று பெயர் என்பதையே அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். நீ வகுப்பில் என்ன நடத்தினாய் என்பது எனக்குத் தெரியாது. அடுப்படியில் நீ நடத்தியதில் ஒரு வரிகூட வீண் இல்லை.

அந்தக் குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருக்க ஒரு கருவி உண்டாம். நீ வாங்கவில்லை. வாசலில் செருப்பு ஸ்டாண்டின் மேல் குடுவையை வைத்து, உள்ளே வருகிறவரும் வெளியே போகிறவரும் ஆளுக்கொரு சுழற்று சுழற்றவேண்டும் என்று வீட்டுக்குச் சட்டம் போட்டாய். பேப்பர்காரர் சுழற்றினார். உன் மகள் சுழற்றிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போனாள். ஜெபத்துக்கு வந்த பாஸ்டரும் சுழற்றிவிட்டு, "இது என்ன பிரதர்?" என்றார். "கஞ்சி பாஸ்டர்." "ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும்" என்றார். அந்தமுறை வந்த பீர்தான் எல்லாவற்றிலும் நன்றாக இருந்தது என்று நீ கடைசிவரை சாதித்தாய்.

பாஸ்கரின் கதை உனக்குத் தெரியும். ஆனாலும் படிக்கிறவர்களுக்காகச் சொல்லவேண்டும். துறைத் தலைவர் பதவி முறைப்படி எனக்கு வரவேண்டியது. அவன் வயதிலும் பணியிலும் எனக்கு இளையவன். ஆணை வருவதற்கு முந்தைய நாள், ஞாயிற்றுக்கிழமை, அவன் உன் வீட்டில் நம்மோடு உட்கார்ந்து குடித்தான். என் தோளில் கைபோட்டுக்கொண்டு பாடினான். பதவி அவனுக்குத்தான் என்பது அப்போதே அவனுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் அறிவிப்புப் பலகையில், மாணவர்களோடு நின்றுகொண்டு நான் படித்துத் தெரிந்துகொண்டேன். பதவி போனதுகூட ஆறிவிட்டது மச்சான். அந்தப் பாட்டு ஆறவில்லை. வேலையை விட்டேன், அவனோடு பேச்சையும் விட்டேன்.

நீ இருவரையும் விடவில்லை. ஒருநாள் நான் உன்னை மடக்கி, அவனா நானா என்று கேட்டேன். "உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர வுடணும்னா நான் குடிக்கறத வுட்டுடறேன். அது ஈஸி" என்றாய். உன் அடக்கத்தின்போது பெட்டியின் அந்தப் பக்கம் அவன் நின்றான், இந்தப் பக்கம் நான். இருவரும் உன்னை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம்.

சரி, ஈஸ்ட்டுக்கு வருகிறேன். ஜாம் பாட்டிலில் பாதியை எடுத்து ஸ்டார்ட்டர் போட்டேன். பனிக்கட்டி வைத்துக் கஞ்சியை ஆறவைத்தேன். எல்லாவற்றையும் கொதிநீரில் கழுவினேன். சமையலறை மேடையில் குடுவையை வைத்துப் போகும்போதும் வரும்போதும் சுழற்றினேன். அன்று முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. காலையில் எழுந்து பார்த்தால் அப்போதும் ஒரு சொட்டு நுரை இல்லை. பக்கத்தில் என் மனைவி உமா அரைத்து வைத்திருந்த இட்லி மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது.

"இது பாருங்க, யாரும் சுத்தாமலே பொங்கி நிக்குது. உங்களோடது செத்துப்போச்சு" என்றாள் உமா.

நம் வீடுகளில் வேறு என்ன அளவுகோல் இருக்கிறது? பொங்கினால் நல்லது, பொங்காவிட்டால் வீண். நானும் அப்படியே நினைத்துப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்தேன். முக்கால் குடுவை போன பிறகுதான் கனமாக, குழைவாக, கெட்டிப்பாலைப் போல ஒன்று இறங்கியது. அப்போதுதான் குடுவையின் கழுத்தைப் பார்த்தேன். காய்ந்த நுரை ஒரு வளையமாக ஒட்டியிருந்தது. நான் தூங்கும்போது அது எழும்பி, தன் வேலையை முடித்து, அடங்கியிருக்கிறது. மறுநாளும் பொறுமையாக வைத்திருந்தால் மிச்சமும் அடியில் படிந்திருக்கும். நீ திட்டியபிறகும் வண்டலைக் கீழே ஊற்றியவன் என்ற பட்டம் எனக்குத்தான்.

மிச்சப் பாதியைக் கொண்டு மறுபடி போட்டேன். இந்தமுறை அவசரம். மால்ட் பொடி சரியாகக் கரையாமல் கஞ்சியில் கட்டி கட்டியாக மிதந்தது. கட்டியைக் கண்டால் நம் ஊர்க் கை சும்மா இருக்குமா? ஆறிய கஞ்சியில் கையை விட்டு, உமா மாவு கரைக்கிற மாதிரி நன்றாகப் பிசைந்துவிட்டேன். சோப்புப் போட்டுக் கழுவிய கைதான். பிசைந்து முடித்து ஈஸ்ட்டையும் ஊற்றிய பிறகுதான் உறைத்தது. மாவு புளிப்பதற்காக எதைச் சேர்க்கக் கையை விடுகிறார்களோ, அந்தக் கைக்கிருமியை நானே உன் குடுவைக்குள் சேர்த்துவிட்டேன். நுரை வந்தது, அமோகமாக வந்தது. மேலே ஓர் ஏடு கட்டியது. மூடியைத் திறந்தால் நாலு நாள் மாவின் வாடை.

ஜாம் பாட்டில் காலி. எத்தனையோ வருடம் நீ காப்பாற்றிய உயிரை ஒரு வாரத்துக்குள் இரண்டுமுறை கொன்றுவிட்டு உட்கார்ந்திருந்தேன். கிரேஸிடம் சொல்லாமலிருக்க முடியாது. பீர்க்கன்கரணைக்குப் போய்ச் சொன்னேன். அவள் அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டே, "பாஸ்கர் அண்ணாகிட்ட ஒரு பாட்டில் இருக்குமே" என்றாள்.

"அவன்கிட்ட எப்படி?"

"இவர்தான் எப்பவுமே ரெண்டு வீட்ல வெப்பாரே. ஒண்ணு கெட்டா இன்னொண்ணு இருக்கணும்னு. ஒருதடவை மழையில கரண்ட் போய் எங்க ஃப்ரிட்ஜ்ல இருந்தது கெட்டுப்போச்சு. பாஸ்கர் அண்ணாதான் அவர்கிட்ட இருந்தத கொண்டாந்து குடுத்தார். அப்புறம் நீங்க இங்க வந்து குடிச்சதெல்லாம் அதுலேர்ந்து வந்ததுதான்ணா."

இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை மச்சான்? எவன் பெயரைக் கேட்டாலே நான் டம்ளரைக் கீழே வைத்துவிடுவேனோ, அவன் காப்பாற்றிக் கொடுத்த ஈஸ்ட்டில் காய்ச்சியதைத்தான் இத்தனை நாள் பாராட்டிப் பாராட்டிக் குடித்திருக்கிறேன். நீ எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய். உள்ளுக்குள் சிரித்தாயா?

வீட்டுக்கு வந்து உமாவிடம் பொருமினேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "தயிர் கெட்டுப்போச்சுன்னா பக்கத்து வீட்ல உறைக்குக் கொஞ்சம் மோர் வாங்கறதில்லையா? சண்டைக்காரி வீடா இருந்தாலும் உறைன்னு கேட்டா இல்லன்னு சொல்ல மாட்டா. போய் கேளுங்க" என்றாள்.

போனேன். அஸ்தினாபுரம் வரை வண்டியில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். கதவைத் திறந்தவனைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது. லுங்கியும் பனியனுமாக, இளைத்து, தலை முழுக்க வெளுத்து நின்றான். 'வா' என்று சொல்லவில்லை. "என்ன?" என்றான்.

உன் பெயரை அவன் வாசலில் நின்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "கொஞ்சம் உறை வேணும்" என்றேன்.

"தயிருக்கா?"

"தெரியாத மாதிரி கேக்காத."

அவன் உள்ளே திரும்பி, "ஏம்மா, சேகர் வந்திருக்கான். உறை வேணுமாம்" என்றான். சாமி அறையிலிருந்து ஊதுபத்தி வாசனையோடு அவன் மனைவி எட்டிப்பார்த்தாள். "வாங்கண்ணா, எவ்ளோ நாளாச்சு. உறையா? இப்பதானே வெளக்கு வெச்சேன். வெளக்கு வெச்சப்புறம் உறை குடுக்க மாட்டோமே."

"அய்யோ, இது தயிர் இல்லம்மா. ஈஸ்ட்."

"நீங்கதானேண்ணா உறைன்னீங்க?"

பாஸ்கர் கதவில் சாய்ந்துகொண்டான். "அதானே. நீ ஈஸ்ட்னு கேட்டிருந்தா இந்நேரம் கையில குடுத்திருப்பேன். உறைன்னு கேட்டுட்ட. காலைல வா."

"வெளையாடறியா?"

"இத்தன வருஷம் வராம இருந்தல்ல? இன்னும் ஒரு ராத்திரி தாங்கமாட்டியா?"

உட்காராமல் திரும்பினேன். குரோம்பேட்டை வரும்வரை அவனைத் திட்டினேன். அங்கிருந்து வீடுவரை உன்னைத் திட்டினேன். இனி அவன் படி ஏறுவதில்லை என்று முடிவு செய்தேன். ஆனால் கிரேஸின் டிக்கெட் இருக்கிறது, காலி ஜாம் பாட்டில் இருக்கிறது. காலையில் மறுபடி போனேன்.

அவன் சட்டை போட்டுக்கொண்டு தயாராகக் கேட்டில் நின்றிருந்தான். கையில் டிபன் கேரியர். கீழ்த்தட்டில் பனிக்கட்டி, மேல்தட்டில் ஈரத்துணி சுற்றிய பாட்டில்.

"குடு."

"எதுக்கு? மூணாவது தடவையும் கொல்லவா? கிரேஸ் போன் பண்ணுச்சு. கைய வுட்டுக் கரைச்சியாமே. எத்தன இட்லி வந்துச்சு?" என்று கேட்டுவிட்டு என் வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்தான்.

அவன் இப்போது குடிப்பதில்லை மச்சான். டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டாராம். அப்புறம் எதற்கு இதை வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். "எட்வின் வெச்சிருன்னான். வெச்சிருக்கேன்" என்றான். நீ போன பிறகும் அவ்வப்போது அதற்குப் புதிதாகக் கஞ்சி காய்ச்சி ஊற்றியிருக்கிறான். தான் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கப்போவதில்லை என்று தெரிந்தே செய்திருக்கிறான். எனக்கு அவன்மேல் ஆயிரம் இருக்கிறது. ஆனால் இதை மறைத்தால் நான் மனிதன் இல்லை.

உன் வீட்டில் ஸ்டார்ட்டர் போட்டோம். பொடியைச் சுடுநீரில் முதலிலேயே கட்டியில்லாமல் கலக்கினான் பாஸ்கர். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். முதலில் கொஞ்சமாக, பிறகு குடுவை நிறைய. செருப்பு ஸ்டாண்டு அப்போதுதான் விலைக்குப் போயிருந்தது. அதனால் வாசலில் ஓர் அட்டைப் பெட்டியின் மேல் குடுவையை வைத்தோம். பீரோவைத் தூக்க வந்தவர்களிடமும் கிரேஸ் சட்டத்தைச் சொன்னாள். "இன்னாம்மா இது, மருந்தா?" என்று கேட்டுக்கொண்டே அவர்களும் ஆளுக்கொரு சுழற்று சுழற்றினார்கள். இந்தமுறை நான் நுரைக்காகக் காத்துக்கொண்டிருக்கவில்லை. கீழே படியும்வரை விட்டுவைத்தேன். படிந்தது, நல்ல கனமாக.

காத்திருந்த பொழுதில் நானே கேட்டுவிட்டேன். "அன்னிக்கு ஏன்டா சொல்லல?"

அவனுக்கு எந்த அன்றைக்கு என்று விளக்க வேண்டியிருக்கவில்லை. "சொன்னா நீ அப்பவே எழுந்து போயிருப்ப. அப்புறம் மூணு பேரும் ஒண்ணா உக்காரவே மாட்டோம்னு தெரியும். இன்னும் ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை வேணும்னு தோணுச்சு" என்றான்.

அது காரணமா, சாக்கா? உனக்குத் தெரிந்திருக்கும். நீ கடைசிவரை வாய் திறக்காததால் நானும் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

கிரேஸ் கிளம்புவதற்கு முன்பு, பெட்டியில் கட்டாமல் விட்டிருந்த ஒரே அடுப்பில் பெரிய பானையை ஏற்றினோம். மால்ட் கொதித்தது. காலியான வீட்டில் வாசனைக்கு முட்டுக்கட்டை ஏது? அறை அறையாக ஏறி நின்றது. கிரேஸ் ஹாலின் நடுவில், கட்டிவைத்த பெட்டிகளுக்கிடையே கண்ணை மூடி நின்றாள். நாங்கள் இருவரும் அடுப்படியைவிட்டு வெளியே வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "போதும்ணா" என்று குரல் கொடுத்தாள். யாரை அண்ணா என்றாள் என்று தெரியவில்லை. இருவரும் "சரிம்மா" என்றோம்.

அவள் பூட்டிவிட்டுப் போய்விட்டாள். காய்ச்சியதை என் வீட்டுக்குக் கொண்டுவந்து ஈஸ்ட்டை விட்டேன். அது நொதித்து, பீராகிப் பாட்டிலுக்கும் வந்துவிட்டது. நேற்று ஒன்றைத் திறந்தேன். உன் கைப்பக்குவம் இல்லை, கொஞ்சம் கசப்புத் தூக்கல். ஆனால் நுகர்ந்து பார்த்தால் நீதான்.

அடியில் தங்கிய ஈஸ்ட்டை இரண்டாகப் பங்கிட்டேன். ஒன்று என் ஃப்ரிட்ஜில் இருக்கிறது. இன்னொன்றை அஸ்தினாபுரத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன் மச்சான். நான் இருக்கும்வரை இது இரண்டு வீட்டில் இருக்கும். என்னிடம் கெட்டால் அவனிடம் போய்க் கேட்பேன். அவனிடம் கெட்டு அவன் வந்து நின்றால், எந்த நேரமானாலும் எடுத்துக் கொடுப்பேன். மன்னிப்பு இருக்கிறதா என்று மட்டும் அவன் கேட்காமலிருக்கட்டும். அது என்னிடம் இல்லை. உறை இருக்கிறது.

கிரேஸின் அண்ணன், உன் மச்சான்,
சேகர்